உள்ளே கிடந்த குச்சி

வாசுதேவநல்லூரில் ரயில் நிற்காது. நிற்பதற்குத் தண்டவாளமே கிடையாது. அந்தப் பாக்கியம் சங்கரன்கோவிலுக்கு உண்டு. ஆகையால் என் அக்காள் மகன் வாங்கிய வாத்தியம் மதுரையிலிருந்து பார்சல் லாரியில் வந்து, தென்காசி ரஸ்தாவில் இறங்கி, அங்கிருந்து லோடு ஆட்டோவில் படுத்தபடியே தெருவுக்குள் பிரவேசித்தது. ஆறடி நீளம். சுற்றிலும் அட்டை, அட்டைக்கு மேல் கயிறு. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் மெல்ல எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டது என் அக்காள் காதில் விழுந்துவிட்டது. அன்று முழுவதும் அவள் அந்தப் பெட்டியின் பக்கமே வரவில்லை.

அட்டையைப் பிரித்தால் உள்ளே இருந்தது 'டபுள் பாஸ்'. பிடிலுக்குப் பாட்டனார் என்று சொன்னால் வாசகர்களுக்கு விளங்கும். பிடிலை ஆள் உயரத்துக்கு வளர்த்து, தரையில் நிமிர்த்தி நிறுத்தி, பக்கத்தில் நின்று அணைத்துக்கொண்டு வாசிக்கும்படி செய்தால் அதுதான் இது. தந்தி நாலுதான். ஆனால் ஒவ்வொன்றும் கிணற்றுக் கயிற்றின் தம்பி மாதிரி இருக்கும். சென்னைப் பாட்டுப்பதிவுக் கூடங்களில் பெரிய வாத்தியக் கோஷ்டிகள் அமர்ந்து வாசித்த நாட்களில், செல்லோக்களுக்குப் பின்னால் இது நின்றுகொண்டிருந்தது. அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுகளில், பாடகர் மேலே உருகிக்கொண்டிருக்கையில் அடியில் ஒருவர் கனத்த காலடி வைத்து நடந்துபோவது போல் ஒரு நாதம் கேட்குமே, அந்த நடை இதனுடையது.

மருமகன் பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். இரவில், கோயில் கொடையோ கல்யாணமோ எங்கே நடந்தாலும், ஒரு மெல்லிசைக் கோஷ்டியோடு போய்க் கீபோர்டில் இடது கையால் இந்த நடையை நடக்கிறான். பத்து வருஷம் அப்படி நடந்தபின், நிஜமான வாத்தியம் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. "கீபோர்டுல வர்றது சத்தம், மாமா. இதுல வர்றது மூச்சு" என்றான். மனிதன் இப்படிப் பேச ஆரம்பித்துவிட்டால் பணத்தைப் பற்றி அவனிடம் பேசிப் பிரயோஜனமில்லை. ஆனாலும் அவன் கணக்கு வாத்தியார் அல்லவா? ஐரோப்பாவில் கட்டையைச் செதுக்கிச் செய்த நல்ல வாத்தியத்தின் விலைக்கு வாசுதேவநல்லூரில் மனை வாங்கிவிடலாம் என்று கண்டுகொண்டு, ஒட்டுப்பலகையால் செய்த மலிவான வாத்தியத்துக்கு எழுதிப் போட்டான். சீட்டுப் பணமும் இரண்டு மாதச் சம்பளமும் அதோடு போயின.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது வாத்தியம் வந்த மறுநாள். கூடத்தின் நடுவே பாயில் அது மல்லாந்து கிடந்தது. தந்திகள் சுருளாக ஒரு பக்கம். அவற்றைத் தாங்கும் குதிரை ஒரு பக்கம்.

"எல்லாம் சரியா வந்திருக்காலே?" என்றேன்.

"வந்திருக்கு மாமா. உள்ளதான் ஒரு குச்சி கடகடன்னு உருண்டுகிட்டுக் கெடந்துச்சு. பெட்டிக் குப்பைன்னு நெனச்சு, கவுத்துத் தட்டி வெளியே எடுத்துட்டேன்."

"எடுத்து?"

"வாசல்ல போட்டேன்."

எனக்கு வாத்தியம் வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுதுகிறவன் பல கடைகளில் ஏறி இறங்கியவன். பிடில் ரிப்பேர் செய்யும் கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்ததும் உண்டு. ஆகவே வாசலுக்கு ஓடினேன். எதிரே பையன்கள் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தார்கள். புள் மிக நன்றாகப் பறந்தது. கட்டைவிரல் பருமன், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் வந்து இறங்கிய குச்சியை மூன்றாக நறுக்கி, இரண்டு முனையும் சீவி, அருமையான புள்ளாக்கி விட்டார்கள். என் மருமகனுடைய வாத்தியத்தின் ஆன்மா அரசமரத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆன்மா என்று நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் அந்தக் குச்சிக்குத் தங்கள் தங்கள் பாஷையில் வைத்திருக்கும் பெயரே ஆன்மாதான். பிடிலானாலும் டபுள் பாஸானாலும் இந்தக் குடும்பத்து வாத்தியங்களின் வயிற்றுக்குள், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில், இப்படி ஒரு குச்சி நிற்கிறது. குதிரைக்கு இரண்டு கால். உயர்ந்த சுருதித் தந்தியின் பக்கத்துக் காலுக்குச் சற்றுப் பின்னால் இந்தக் குச்சி. மற்றக் காலுக்கு அடியில் பலகையோடு ஒட்டிய ஒரு நீளச் சட்டம். குச்சியைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, ஆணி அடிப்பதில்லை. இரண்டு பலகைகளின் இறுக்கத்திலேயே அது நிற்க வேண்டும். நாலு தந்திகளும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்தப் பாரத்தில் ஒரு பங்கைக் குதிரை மேல்பலகையின் மேல் இறக்குகிறது. குச்சி இல்லாமல் தந்தியை முறுக்கினால் பலகை அமுங்கி உட்கார்ந்துவிடும். பலகை தப்பிப் பிழைத்தாலும் நாதம் பிழைக்காது. குதிரையின் ஒரு கால் ஊன்றி நின்றால்தான் மற்றக் கால் தாராளமாக ஆடும். அந்த ஆட்டத்தில்தான் கனத்த ஸ்வரம் பிறக்கிறது. குச்சியை ஒரு நெல்மணி அகலம் நகர்த்தினால் குரல் மாறிவிடும்.

கடையில் விற்பது உடல். ஆன்மாவை வீட்டில்தான் ஏற்ற வேண்டும். தூரப் பிரயாணத்தில் தந்தி தளர்ந்ததும் குச்சி விழுந்துவிடுவது சகஜம். பெரிய பட்டணங்களில் அதை நிறுத்தித் தருவதற்கென்றே ஆள் இருக்கிறான். வாசுதேவநல்லூரில்?

"தச்சாசாரியைக் கூப்பிடு" என்றேன்.

ஆசாரி வருவதற்குள், மலிவு வாத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒட்டுப்பலகை என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1930களிலிருந்து சிகாகோ நகரத்துக் 'கே' கம்பெனி போன்றவர்கள் மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அச்சில் அழுத்தி, ஆயிரக்கணக்கில் இந்த வாத்தியத்தைச் செய்து தள்ளினார்கள். பள்ளிக்கூடங்களும், ஊர் ஊராகப் போய் நாட்டியக் கொட்டகைகளில் வாசித்த கோஷ்டிகளும் அவற்றைத்தான் வாங்கின. செதுக்கிய கட்டையின் குரலில் உள்ள இனிமை இதில் குறைவு. ஆனால் வெயிலுக்கு வெடிக்காது. வண்டியில் போட்டால் பிளக்காது. திருநெல்வேலிச் சீமையின் சித்திரை மாதத்தைப் பார்த்தவர்கள் இதை அற்ப குணமென்று சொல்லமாட்டார்கள்.

அதற்கும் கையில் காசில்லாதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1950களில் இங்கிலாந்தில் இளைஞர்கள் தெருவுக்குத் தெரு பாட்டுக் கோஷ்டி ஆரம்பித்தார்கள். கிதார் ஒருவன் வாங்கிவிடுவான்; டபுள் பாஸ் வாங்க யாரால் முடியும்? தேயிலை வந்து இறங்கும் பலகைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, துடைப்பக் கம்பு ஒன்றை அதன் மேல் நிறுத்தி, கம்பின் நுனிக்கும் பெட்டிக்கும் ஒரு கயிறு கட்டினார்கள். கம்பைச் சாய்த்தால் கயிறு தளரும், நிமிர்த்தினால் இறுகும், அவ்வளவுதான் சுருதி. லிவர்பூலில் 1956-ல் பள்ளிப் பிள்ளைகள் ஆரம்பித்த ஒரு கோஷ்டியிலும் இந்தத் தேயிலைப் பெட்டிதான் 'பாஸ்' வாசித்தது. பின்னால் 'பீட்டில்ஸ்' என்று உலகம் கொண்டாடியது அந்தக் கோஷ்டியின் வழி வந்தவர்களைத்தான். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிய தேயிலைப் பெட்டிகள்தாம் அந்த நாட்டில் மூலைக்கு மூலை கிடந்தன. இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்களில் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்களும் உண்டு. அவர்கள் நிரப்பி அனுப்பிய பெட்டி காலியான பிறகு வாத்தியமானதை அவர்களிடம் போய் யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்!

வாசுதேவநல்லூர் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு நினைவு வருவது வாத்தியமல்ல, பீரங்கி. நெற்கட்டான்செவல் பூலித்தேவரின் மண் கோட்டைகளில் ஒன்று இங்கே இருந்தது. 1759-ல் யூசுப்கான் வந்து முட்டிவிட்டுத் திரும்பினான். பூலித்தேவரின் கோட்டைகள் 1761-ல் ஒருமுறை விழுந்தன; எதிர்ப்பு மாத்திரம் விழவில்லை. 1767-ல் கர்னல் டொனால்டு காம்பெல் கும்பினிப் படையோடு வந்து இந்த ஊர்க் கோட்டையைச் சுட்டார். குண்டு துளைத்த இடங்களையெல்லாம் உள்ளே இருந்தவர்கள் கொட்டும் நெருப்பினிடையே வைக்கோலும் பனங்கட்டையும் வைத்து அடைத்ததைக் கண்டு அவரே வியந்து எழுதிவைத்திருக்கிறார். கையில் கிடைத்த பொருளைக் கொண்டு காரியத்தை நடத்தும் வித்தை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

அந்தப் படைக்குச் சென்னைக் கோட்டைதான் தலைமை இடம். அதே கோட்டையில் துரைமார்களின் விருந்துக்கும் அணிவகுப்புக்கும் வாசிக்க ஒரு வாத்தியக் கோஷ்டியும் இருந்தது. பீரங்கி தெற்கே வந்து அறுபது வருஷம் ஆவதற்குள், கோஷ்டியிலிருந்த ஒரு வாத்தியமும் அதே தெற்கே வந்து சேர்ந்தது. ஆனால் அது யாரையும் அடிக்க வரவில்லை. அதைக் கொண்டுவந்தவர் ஒரு தமிழ்நாட்டுப் பிராமணர்.

திருவாரூர் ராமஸ்வாமி தீட்சிதருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் முத்துஸ்வாமி தீட்சிதர். அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1786-ல் பிறந்தவர் பாலுஸ்வாமி. குடும்பம் சென்னைக்கு அடுத்த மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் சில காலம் இருந்தது. முதலியார் கும்பினியின் துபாஷி. கோட்டைக்குப் போகிறவர், கோட்டை வாத்தியம் கேட்கிறவர். அவர் குமாரர் சின்னையா முதலியார் காலத்தில் தீட்சிதர் பிள்ளைகளும் அந்தச் சங்கீதத்தைக் கேட்டார்கள். கேட்டதை மூத்தவர் ஒரு வழியில் எடுத்துக்கொண்டார். துரைமார்களின் மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதி, 'நோட்டு ஸ்வரம்' என்று இன்றும் குழந்தைகள் பாடும் சின்னஞ்சிறு உருப்படிகளைச் செய்தார். அவற்றில் பிரிட்டிஷ் ராஜாவைக் காப்பாற்றச் சொல்லும் மெட்டும் ஒன்று. தீட்சிதர் கையில் அது அம்பாளைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறது. இளையவர் வேறு வழியில் போனார். அவருக்குப் பிடித்தது மெட்டல்ல, கருவி. சின்னையா முதலியார் ஒரு ஐரோப்பியரை அமர்த்த, அவரிடம் பாலுஸ்வாமி மூன்று வருஷம் பிடில் கற்றார்.

கற்றுக்கொண்டதோடு நின்றிருந்தால் துரைமார்கள் வாசிப்பதைப் போல் வாசிக்கும் ஒரு இந்தியர் என்று விருந்துகளில் காட்டியிருப்பார்கள். அவர் அதை நம் சங்கீதத்துக்கு வாசித்தார். இதில் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

துரை நின்றுகொண்டு வாசிக்கிறான். நம்முடைய வித்துவான் சப்பணமிட்டு உட்காருகிறவர். துரை பிடிலின் அடியை மோவாய்க்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொள்கிறான். ஸ்வரம் ஸ்வரமாகத் தாவுவதற்கு அது போதும். நம்முடைய கமகமோ ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தந்தியின் மேலேயே வழுக்கிப் போக வேண்டும். இடது கை பிடிலைத் தாங்குகிற வேலையிலிருந்து அறவே விடுதலை பெற்றாலொழிய அது நடக்காது. ஆகவே பிடிலின் தலை இறங்கி வந்து, மடித்த வலது காலின் கணுக்காலில் உட்கார்ந்தது. அதன் அடிப்பக்கம் மார்பில் சாய்ந்தது. இரண்டு முனையும் ஊன்றிவிட்டதால் கைக்குச் சுதந்திரம். துரையின் நாலு தந்திகளும் ஐந்தாம் ஸ்வரம் ஐந்தாம் ஸ்வரமாக ஏறிக்கொண்டே போகும். நம் வழியில் அவற்றைத் தளர்த்தி, ஸட்ஜம், பஞ்சமம், மறுபடி ஸட்ஜம், மறுபடி பஞ்சமம் என்று இரண்டு ஜோடியாக்கிப் பாடகரின் சுருதியோடு சேர்த்தார்கள். கட்டை அதே கட்டை. குதிரை அதே குதிரை. உள்ளே நிற்கிற குச்சியும் அதேதான். ஆனால் இத்தாலியில் செய்த அந்தப் பெட்டிக்குள்ளிருந்து தோடி வந்தது.

இவ்வளவையும் ஒரே மனிதர் ஒரே நாளில் செய்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. தஞ்சாவூரில் சரபோஜி மன்னரிடம் இருந்த வராகப்பய்யரும் பிடில் பிடித்தவர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூரில் சுவாதித் திருநாளின் சபையில் வாசித்து, 1834-ல் தந்தத்தால் செய்த பிடில் ஒன்றைப் பரிசாகப் பெற்றார். ஆனால் முதலில் தொட்ட கை என்று பாலுஸ்வாமியைத்தான் சொல்லி வருகிறோம். அவர் 1824-ல் எட்டயபுரம் சமஸ்தானத்து வித்துவான் ஆனார். 1859-ல் காலமாகும் வரையில் அந்த ஊர்க்காரராகவே இருந்தார். தம்பியைத் தேடி வந்த அண்ணாவும் அங்கேதான், 1835-ல் தீபாவளியன்று கண்ணை மூடினார். பாலுஸ்வாமியின் பெண்வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர், அந்த ஊர் அச்சுக்கூடத்திலேயே 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். இந்தக் குடும்பத்துக் கதைகள் நமக்குத் தெரிவதற்கு அவர்தான் காரணம்.

எட்டயபுரம் இங்கிருந்து கிழக்கே, சங்கரன்கோவில் வழியாகக் கோவில்பட்டி போய், அதற்கும் அப்பால். பஸ்ஸில் ஒரு காலைப் பொழுது. 1799-ல் பாஞ்சாலங்குறிச்சி விஷயத்தில் எட்டயபுரம் கும்பினியின் பக்கம் நின்றது என்பதைத் திருநெல்வேலியில் யாரும் மறந்துவிடவில்லை. கும்பினிக்கு எதிராகச் சுவர் எழுப்பிய ஊர் வாசுதேவநல்லூர். கும்பினியின் பிடிலுக்கு இடம் கொடுத்த ஊர் எட்டயபுரம். கோபக்காரர்கள் இதை ஒரு குற்றச்சாட்டாகக் கூடச் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பீரங்கி வந்த வழியாக வந்ததை உட்கார வைத்து, சுருதியை மாற்றி, நம் கீர்த்தனத்துக்கு அதைப் பின்பாட்டுப் பாடச் செய்தாரே, அந்த வித்துவானும் ஒரு கோட்டையைப் பிடித்தவர்தான்.

சரி, பேரப்பிள்ளை உள்ளே வந்து சபையில் உட்கார்ந்துவிட்டானே, பாட்டனார் ஏன் வரவில்லை? என் மருமகன் இதைத்தான் கேட்டான்.

உட்கார முடியாதவர் என்பது ஒரு காரணம். ஆனால் முக்கியமானது அதுவல்ல. மேல்நாட்டுச் சங்கீதம் பல குரல்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு ஸ்வரத்தில் போகிற சங்கீதம். வீடு உயர உயர அஸ்திவாரம் ஆழமாக வேண்டும். நம்முடையது ஒற்றைக் குரல். அதற்கு அஸ்திவாரம் அசையாமல் கிடந்தால் போதும். அந்த வேலையைத் தம்புரா பார்த்துக்கொள்கிறது. அதன் நாலு தந்தியும் ஒரு பஞ்சமமும் மூன்று ஸட்ஜமுமாகத் திரும்பத் திரும்ப ஒலிப்பதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை. ஆனால் தம்புராவை வாங்கி வந்து நேரே மீட்டிப் பாருங்கள். சாதாரணக் கம்பிச் சத்தம்தான் கேட்கும். ஒவ்வொரு தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சிறு நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஏதோ ஓரிடத்தில் திடீரென்று தேனீக் கூட்டம் கிளம்பினாற்போல் நாதம் விரியும். அந்த நூலுக்கு நம்மவர் வைத்த பெயர் 'ஜீவா'. ஐரோப்பியன் குச்சியை ஆன்மா என்றான். நாம் நூலை ஜீவன் என்றோம். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வைத்த பெயர்கள் அல்ல.

இந்த நூலின் ரகசியத்தை ஸர் சி. வி. ராமன் 1921-ல் எழுதினார். அவர் தகப்பனார் பிடில் வாசிப்பவர். மகன் 1916-லேயே செல்லோவில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் ஓநாய் மாதிரி ஊளையிடுவது ஏன் என்று ஆராய்ந்தவர். தம்புராவிலும் வீணையிலும் தந்தி கத்தி முனையில் உட்காராமல், வளைந்த அகலமான குதிரையைத் தடவித் தடவி அதிர்கிறது. அதனால், விதிப்படி மௌனமாக இருக்க வேண்டிய மேல் நாதங்களும் சேர்ந்து பலமாக ஒலிக்கின்றன என்று அவர் காட்டினார். அந்த மேல் நாதங்களின் கூட்டத்தைக் கேட்கும்போது நம் காது அடியில் இருக்கும் ஸட்ஜத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன்னால் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புகிறாரே, அதுவும் இந்த வேலைதான். அப்பினால்தான் 'தொம்'முக்குக் கனம் வரும். நமக்குக் கனத்த நாதம் வேண்டாதிருக்கவில்லை. அதை நூலாலும் ரவையாலும் வரவழைத்துக்கொண்டோம்.

கிராமத்தார் பானையால் வரவழைத்தார்கள். சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள் யோசித்துப் பார்க்கலாம். ஆள் உயரத்தை மிஞ்சும் பனைமர வில்; இறுக்கிக் கட்டிய நாண்; வரிசையாக மணிகள்; நாணின் மேல் விழும் வீசுகோல். இவையெல்லாம் சலசலப்பு. வில்லோடு பிணைத்த மண்குடத்தின் வாயில் ஒருவர் பத்தியால் அறைகிறாரே, அப்போது அதன் வயிற்றுக் காற்று 'கும்' என்று எழுவதுதான் கதைக்குப் பயம் கொடுக்கிறது. குயவரிடம் வாங்கும் குடம் அது. அதைவிட மலிவான 'பாஸ்' லிவர்பூலிலும் கிடையாது. திருநெல்வேலிக்குப் பக்கத்துச் சத்திரப்புதுக்குளத்தில் 1928-ல் பிறந்த சுப்பு ஆறுமுகம், 2022-ல் காலமாகும் வரையில் அந்தக் குடத்தையும் வில்லையும் கோயில் வாசலிலிருந்து சபா மேடை, ரேடியோ, டெலிவிஷன் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்.

பாட்டனார் கச்சேரிக்குள் வராமல் சினிமாவுக்குள் வந்ததற்கு இவ்வளவுதான் காரணம். அங்கேயும் வெகுநாள் நிற்கவில்லை. 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் தோளில் மாட்டிக்கொள்ளும்படி மின்சார 'பாஸ்' கிதார் செய்து விற்றார். டாக்ஸியில் மடியில் வைத்துக் கொண்டுபோகக்கூடிய வாத்தியம் வந்தபிறகு, டாக்ஸியின் கூரைமேல் கட்ட வேண்டிய வாத்தியத்தை யார் தேடுவார்கள்?

என் மருமகனைத் தவிர.

ஆசாரி வந்தார். அறுபது வயது இருக்கும். நான் விவரமாகச் சொன்ன ஆன்ம விசாரத்தை முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முட்டுக்கொடுக்கணும்; அம்புட்டுத்தானே அண்ணாச்சி?" என்றார். எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அவர் வேலை தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டேன்.

மேல்பலகையில் 'எஃப்' எழுத்துப் போல் வெட்டிய துளை இரண்டு உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே இருட்டு. குச்சியின் நீளத்தை எப்படி அளப்பது? ஆசாரி இரண்டு தென்னை ஈர்க்கை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து உள்ளே நுழைத்தார். ஒன்று மேலே முட்டியது. ஒன்று கீழே முட்டியது. இரண்டும் சேர்ந்த இடத்தை விரல் நகத்தால் கிள்ளி, வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். மரம்? மேல்நாட்டில் இதற்கு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். வாசுதேவநல்லூரில் அது ஏது? எந்தச் சாமானோ வந்த பழைய பைன் பெட்டியின் சட்டம் ஒன்றை அவர் பட்டறையிலிருந்து கொண்டுவந்தார். ரம்பத்தைத் தொடவில்லை. உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டி, நார் ஓடிய வழியிலேயே பிளந்தார். "அறுத்தா ரேகை வெட்டுப்படும், பிளந்தா அதுவே வழி காட்டும்" என்றார். பெரிய பட்டணத்து நிபுணர்களும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

குச்சியின் இரு நுனியும் பலகைகளின் வளைவுக்குப் பொருந்தச் சரிவாகச் சீவ வேண்டும். குச்சியின் ரேகை மேல்பலகையின் ரேகைக்குக் குறுக்காக நிற்க வேண்டும். சைக்கிள் கடையில் ஒரு கம்பியை வளைத்து வாங்கி வந்து, அதன் முனையில் குச்சியைக் குத்திக்கொண்டு துளை வழியே உள்ளே விட்டார். மருமகன் மற்றத் துளையில் டெலிபோனை நுழைத்து விளக்கடித்தான். முதல் தடவை விழுந்தது. இரண்டாம் தடவை நின்று, நாங்கள் மூச்சு விட்டதும் விழுந்தது. பதினோராம் தடவையோ பன்னிரண்டாம் தடவையோ, நின்றது.

அதற்குப் பிறகு குதிரை. மலிவான வாத்தியங்களில் குதிரையை உயரமாகவே அனுப்புவார்கள்; நமக்கு வேண்டிய அளவுக்குச் சீவிக்கொள்ளலாம் என்பது எண்ணம். அப்படியே தந்தி கட்டி வாசித்தால் இரண்டு நாளில் விரல் கொப்புளித்து ஆசை தீர்ந்துவிடும். உப்புத்தாளை மேல்பலகையில் விரித்து, குதிரையின் இரண்டு பாதங்களையும் அதன் மேலேயே தேய்த்துத் தேய்த்துப் பலகையின் வளைவுக்கு உட்கார வைத்தோம். பிறகு உச்சியைக் குறைத்தோம். விரல் பலகையின் கடைசியில் மெல்லிய தந்தி ஐந்தாறு மில்லிமீட்டர் உயரத்திலும், தடித்த தந்தி எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவும் நிற்கும்படி செய்ய ஒரு பகல் முழுவதும் பிடித்தது. குதிரையையும் ஒட்டுவதில்லை, எஃப் துளைகளின் நடுவிலுள்ள சிறு வெட்டுகளுக்கு நேராகத் தந்தியின் அழுத்தத்திலேயே அது நிற்கிறது. ஒரே தந்தியை முழுவதும் முறுக்கிவிடாமல், நாலையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு போனான் மருமகன்.

சுருதி சேர்க்கும்போதுதான் தகராறு வந்தது. மேல்நாட்டு முறையில் இதன் தந்திகள் நாலாம் ஸ்வரம் நாலாம் ஸ்வரமாக ஏறுகின்றன. இவ்வளவு நீளத் தந்தியில் ஐந்தாம் ஸ்வரத்துக்குக் கை எட்டுவது கஷ்டம் என்பதால் வந்த ஏற்பாடு அது. "பாலுஸ்வாமி தீட்சிதர் மாத்தினாரே, நாமும் மாத்தினா என்ன?" என்றேன் நான். தந்தியை ஏற்றினால் அறுந்துவிடும் என்றான் அவன். கணக்கு வாத்தியார் காகிதம் எடுத்து எழுதிப் பார்த்தார். மூன்றாவது தந்தி இரண்டு கட்டை. அதையே ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அதற்கு அடுத்த கனத்த தந்தி தானாகவே பஞ்சமம். எல்லாவற்றிலும் தடித்த தந்தியை ஒரே ஒரு ஸ்வரம் இறக்கிவிட்டால் அது கீழ் ஸட்ஜம். மெல்லிய தந்தி மத்தியமமாக இருந்துவிட்டுப் போகிறது. ஒரு பிருடையைத் தளர்த்தியதில் ஸட்ஜம், பஞ்சமம், ஸட்ஜம் என்று மூன்று தந்தி நம்முடையதாகிவிட்டது.

அவன் எழுந்து நின்று வாத்தியத்தை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, தடித்த தந்தியை வலது கையின் ஒரு விரலால் இழுத்துவிட்டான். நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தம் குறைவுதான். ஆனால் கூடத்துச் சிமெண்டுத் தரை என் காலடியில் முனகியது. அடுக்களைப் பரணில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைப் பானைகளில் ஏதோ ஒன்று மெல்லச் சிலிர்த்தது.

"ஆட்டுரலை யாருலே இழுக்கா?" என்று உள்ளேயிருந்து அக்காள் கேட்டாள். கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே நிலைப்படி வரை வந்து நின்றாள். ஆசாரி, "இன்னொருக்கா இழுங்க, தம்பி" என்றார்.